முனியப்பன் கயிறும் மூக்குப் பரீட்சையும்

1

இன்று ஆடிப்பெருக்கு. நல்லம்பள்ளிப் பக்கத்து ஜனமெல்லாம் டெம்போ பிடித்து ஒகேனக்கலுக்குக் குளிக்கப் போயிருக்கும். எனக்கு எடின்பரோவில் இது சாதாரண நாள்தான். வெளியே தூறல். மருத்துவமனையில் வேலை பார்க்கும் கணவர் காலை ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். மகள் இனியாவுக்குப் பள்ளி விடுமுறை, அதனால் மத்தியானம்வரை அவளை எழுப்பக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் இடது மணிக்கட்டில் இருக்கும் ஒரு கயிறு. கட்டும்போது நல்ல மஞ்சளாக இருந்தது. ஸ்காட்லாந்துத் தண்ணீரிலும் பாத்திரம் கழுவும் சோப்பிலும் ஒரு வருஷம் ஊறி, இப்போது தேங்காய் நார் மாதிரி கிடக்கிறது. இன்றோடு அதன் கெடு முடிகிறது. இன்னும் சற்று நேரத்தில் என் தம்பி பழனி ஊர் முனியப்பன் கோயிலிலிருந்து வீடியோவில் கூப்பிடுவான். அவன் கையிலும் இதே மாதிரி ஒரு கயிறு இருக்கிறது. அதைப் பூசாரி அறுக்கும் நேரத்தில் நானும் இங்கே என்னுடையதை அறுக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அதற்கு முன்னால் அவனுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பதில் போன வாரமே கைக்கு வந்துவிட்டது. கோயிலில் வைத்துத்தான் சொல்வது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

2

நான் இங்கே என்ன படிக்கிறேன் என்று ஊரில் யாராவது கேட்டால் அம்மா, "தண்ணி சுத்தம் பண்ற படிப்புங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாட்டுக்குத் தீவனம் போடுவது பற்றித் திருப்பிவிடுவார். அம்மா சொல்வது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. பீர் ஆலைகளும் விஸ்கி ஆலைகளும் தண்ணீரையும் நெருப்பையும் எப்படிக் குறைவாகச் செலவழிக்கலாம், மிச்சம் மீதியை ஆற்றில் கொட்டாமல் என்ன செய்யலாம் என்பதுதான் என் முதுகலைப் படிப்பு. நாற்பதைத் தாண்டியவள், என்னில் பாதி வயதுப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறேன். சாராயத்துக்கும் எனக்கும் உள்ள உறவு கழிவுநீர் உறவு.

அந்த உறவு ஊரிலேயே ஆரம்பித்தது. குச்சிக்கிழங்கு அரைத்து ஜவ்வரிசி செய்யும் ஆலைகளை எங்கள் பக்கத்தில் பார்க்காதவர் கிடையாது. பார்க்காதவர்களும் மோந்திருப்பார்கள். கிழங்குப் பால் வடிந்த தண்ணீர் குட்டையில் தேங்கிப் புளித்தால் வரும் வாடை, பஸ்ஸில் தூங்குகிறவனைக்கூட எழுப்பி உட்கார வைக்கும். வேதியியல் முடித்த கையோடு அப்படி ஓர் ஆலையின் சின்ன ஆய்வறையில் எனக்கு வேலை கிடைத்தது. அந்த ஆலைத் தண்ணீர் இறங்கிய ஓடை எங்கள் நிலத்தை ஒட்டித்தான் ஓடியது. எங்கள் கிணற்றில் எருமை வாய் வைக்காமல் திரும்பிப் போன காலம் அது. நான் சம்பளம் வாங்கும் இடத்திலிருந்தே என் வீட்டுக் கிணற்றுக்கு நாற்றம் வந்தது.

பிறகு ஆலைக்காரர் மூடிய தொட்டி ஒன்று கட்டினார். கழிவுத் தண்ணீர் அதில் புளித்து வாயுவானது. வாயு கொதிகலனுக்குப் போய் எரிந்தது. விறகு வாங்குவது குறைந்தது. நாள் தவறாமல் அந்தத் தொட்டித் தண்ணீரைச் சோதித்தவள் நான். சில மழைக்காலங்கள் கழித்து எங்கள் கிணற்றில் எருமை தலையைக் குனிந்து குடித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. உலகத்தில் செய்வதற்கு எனக்கென்று ஒரு வேலை இருக்கிறது என்று அன்றைக்குப் பட்டது, இன்றைக்கும் அந்த எண்ணம் மாறவில்லை.

கல்யாணம் ஆகி இங்கே வந்தபின், குடிநீர் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை. மலைப்பக்கத்துச் சின்ன விஸ்கி ஆலைகளைப் பற்றி அங்கேதான் தெரிந்துகொண்டேன். வடித்து முடித்ததும் செம்புக் கொப்பரையின் அடியில் பழுப்பாக ஒரு தண்ணீர் மிஞ்சும். அதை லாரியில் ஏற்றி மலை இறக்குகிறார்கள். அதே லாரி போகும் வழியில்தான் கொப்பரையைச் சூடாக்கும் எண்ணெய் லாரி மலை ஏறுகிறது. எனக்குச் சிரிப்பாக வந்தது. எங்கள் ஜவ்வரிசி ஆலைக்குத் தெரிந்தது இவர்களுக்குத் தெரியாதா என்று ஓர் ஆலைக்காரியிடம் கேட்டேவிட்டேன். "தெரியும். ஆனால் எங்களைப் போன்ற சின்ன ஆலைக்கு ஏற்ற தொட்டியை யார் கட்டித் தருவது? நீங்கள் இந்தப் படிப்பை முடித்துவிட்டு வாருங்கள், பேசுவோம்" என்றார். சும்மா வாய் வார்த்தையாகச் சொன்னார் என்று நினைக்கிறேன். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

3

இடம் கிடைத்த செய்தியோடு போன வருஷம் ஆடியில் ஊருக்குப் போனேன். போய் இறங்கியபோது தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

பழனி பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி லோடு அடிக்கிறவன். மினி லாரி சொந்தம். மனசு வெள்ளை, கை சுத்தம், சாயங்காலம் ஆனால் மட்டும் ஆள் வேறு. கல்லீரல் பழுதாகியிருக்கிறது என்று சொன்ன டாக்டர் அம்மாவிடம், "இனி ஒரு வாட்டி குடிச்சிட்டு வந்தா என்கிட்ட கூட்டிட்டு வராதீங்கம்மா, என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அம்மா அவர் காலில் விழப் போய், நான் பிடித்துத் தூக்கினேன்.

வீட்டுக்கு வந்த வாரத்திலேயே அவனை முனியப்பன் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். குடியை விடுகிறவர்கள் அங்கே கயிறு கட்டிக்கொள்வார்கள். சாமி முன்னால் எத்தனை காலம் என்று வாயால் சொல்ல வேண்டும். கயிறு கையில் இருக்கும்வரை தொடக் கூடாது. பெரிய அரிவாளும் உருட்டிய கண்ணுமாக எங்கள் முனியப்பன் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு ஏன் வேலை செய்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

"எத்தன நாளைக்குப்பா?" என்றார் பூசாரி.

"ஒரு வருஷம்" என்றவன் கையை நீட்டாமல் நின்றான். "எனக்கு மட்டும் கட்டுனா நான் அவுத்துருவங்க. என்னய எனக்குத் தெரியும். கூட ஒருத்தர் கட்டிக்கணும்."

"நான் கட்டிக்கறன் சாமி" என்று அம்மா கையை நீட்டினார்.

"நீ கட்டிக்கிட்டு என்னாம்மா பண்றது? நீ சாராயக் கடைப் பக்கமே போனதில்ல. உனக்குக் கயிறு கட்டறதும் இந்தத் தூணுக்குக் கட்டறதும் ஒண்ணுதான்." என் பக்கம் திரும்பினான். "அக்கா, நீ கட்டிக்க. நீதான் சாராயப் படிப்பு படிக்கப் போற. உன் எதுர தெனமும் இருக்கும், எனக்கும் தெனமும் இருக்கும். நீ தொடாம இருந்தா நானும் தொட மாட்டன்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் குடும்பத்திலேயே சாராயத்துக்கு நேர் எதிரில் நின்று மறுக்கக்கூடிய இரண்டாவது ஆள் நான்தான். கையை நீட்டினேன். நான் வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை, இதில் எனக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்தேன். பாடத்திட்டத்தை முழுசாகப் படிக்காமல் விமானம் ஏறிய அறிவாளி நான்.

4

பாடத்திட்டத்தில் சுவைப் பயிற்சி என்று ஒரு பாடம் இருந்தது. கட்டாயப் பாடம். அதில் தேறாவிட்டால் பட்டம் கிடையாது. வரிசையாகக் கோப்பைகளில் மது வைப்பார்கள். முகர்ந்து, வாயில் வைத்து, துப்பிவிட்டு, எதில் என்ன குறை என்று எழுத வேண்டும். கழிவுநீர் படிக்க வந்தவளுக்கு இது எதற்கு என்று முதல் வாரமே போய்க் கேட்டேன். பாடத்துக்குப் பொறுப்பான இயன், உயரமான, அதிர்ந்து பேசாத மனிதர். "நீங்கள் மிச்சப்படுத்திய தண்ணீரால் விஸ்கி கெட்டுப்போனால், அதை உங்களால் கண்டுபிடிக்க முடிய வேண்டும் அல்லவா?" என்றார். நியாயமான ஆட்களோடு சண்டை போடுவது ரொம்பக் கஷ்டம்.

துப்பிவிட்டால் கணக்கில் வருமா என்று ஊருக்குப் போன் போட்டேன். "வாயில வெச்சாலே போச்சு" என்றார் அம்மா. பின்னாலிருந்து தம்பியின் குரல் கேட்டது: "துப்புனா கணக்கில்லீன்னா சொல்லுக்கா, நானும் நாளையிலேர்ந்து துப்பறன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

விலக்குக் கேட்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஓர் அம்மாள் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "உடல்நலக் காரணமா, கர்ப்பமா, மதமா?"

"தம்பி" என்றேன்.

அப்படி ஒரு கட்டம் கணினியில் இல்லை. நான் கதையைச் சொல்லச் சொல்ல அவர் முகம் இளகியது. ஆனாலும் கட்டம் இல்லாதது இல்லாததுதான். மதம் என்று போட்டுக்கொள்ளலாம், உங்கள் மதகுருவிடமிருந்து ஏதாவது சான்று வேண்டும் என்றார். எங்கள் பூசாரிக்குத் தொழில் ஆடு வளர்ப்பு. செவ்வாயும் வெள்ளியும்தான் கோயில். தம்பி போய்க் கேட்டதற்கு, "சாமி உத்தரவு இல்லாம நான் எப்படிப்பா சொல்றது?" என்று சாமியின் தலையில் பூ வைத்து வாக்குக் கேட்டிருக்கிறார். வலப்பக்கம் விழுந்ததாம். உத்தரவு கிடைத்தபின் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். நடுவில் ஆடு கத்துகிறது.

"இந்தப் பொண்ணு சாமிக்கு வாக்குக் குடுத்திருக்குதுங்க. தொடக் கூடாது. அவ்ளோதாங்க."

அதற்கு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு வேண்டும் என்றது அலுவலகம். ஆடு கத்தியதையும் மொழிபெயர்க்கச் சொல்வார்களோ என்று என் கணவர் கேட்டார். குளிர்காலம் பாதி இதிலேயே போனது. ஒரு கட்டத்தில் அலுத்துப்போய், வகுப்பு முடிந்ததும் நேராக இயனிடமே போய் நின்றேன்.

"எனக்குச் சலுகை வேண்டாம். பரீட்சை எழுதுகிறேன். வாயில் வைக்க மாட்டேன், மூக்கு மட்டும். முடிந்தால் தேறுகிறேன்."

"பெரும்பாலான வேலையை மூக்கே செய்துவிடும். ஆனால் எல்லாவற்றையும் செய்யாது. அதற்காக மதிப்பெண்ணைக் கூட்டிப் போட முடியாது."

"கூட்டிப் போட்டால் எனக்கும் பிடிக்காது" என்றேன். வீராப்பாகத்தான் சொன்னேன். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். தேறாவிட்டால் பட்டம் இல்லை, மலை மேல் தொட்டியும் இல்லை. வாயில் வைத்தால் தம்பி இல்லை.

5

இனியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினைந்து வயது. நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஊர்ப் பேச்சை எடுத்தால் காதில் ஹெட்போன் ஏறிவிடும். அவள் அறைக் கதவைத் தட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும். தட்டினால், "என்ன?" என்று கேட்பதற்குப் பதில் பெருமூச்சு ஒன்று வரும். வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இந்தப் பெருமூச்சின் பல வகைகள் தெரிந்திருக்கும்.

கயிற்றைப் பற்றித் தெரிந்ததும் அவள் கொதித்துப்போனாள். "மாமாவுக்குத் தேவை ட்ரீட்மென்ட். கவுன்சலிங். கயிறு இல்ல. இது என்ன லாஜிக்?"

"ட்ரீட்மென்டும் போகுது, மாத்திரை சாப்பிடறான். கயிறு கூட இருக்கட்டுமே" என்றேன்.

"அப்ப நீ ஏன் ஃபெயில் ஆகணும்?"

ஃபெயில் ஆகப் போகிறேன் என்று அவள் முடிவு கட்டியதுதான் எனக்குச் சுருக்கென்றது. "ஆக மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அவளே வந்தாள். கையில் அவளுடைய பள்ளி டை. என் கண்ணைக் கட்டி மேஜை முன் உட்கார வைத்தாள். பெருங்காயம், வினிகர், நகச்சாயம் அழிக்கும் திரவம், எரித்து அணைத்த தீக்குச்சி, ஈரத் துணி, பழைய சைக்கிள் டியூப் என்று ஒவ்வொன்றாக மூக்குக்குக் கீழே நீட்டினாள். தப்பாகச் சொன்னால், "நோ. எகெய்ன்." வாத்தியார் தோற்றார். அது தினசரி வழக்கமானது. நாள் போகப் போக ஒன்றோடொன்றைக் கலந்து நீட்ட ஆரம்பித்தாள். பல மாதங்களாக என்னோடு சேர்ந்து உட்காராத பெண், தினமும் பள்ளி விட்டு வந்ததும் என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். கண்ணைக் கட்டியிருந்ததால் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பதுதான் என் குறை.

ஒரு நாள் நடுவில் மாமாவை வீடியோவில் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில், "மாமா, நீங்க குடிச்சா அம்மா வேஸ்ட்டா மூக்கு ட்ரெயினிங் பண்றாங்க. சோ குடிக்காதீங்க" என்றாள்.

"இல்ல பாப்பா, குடிக்கலீங்க பாப்பா" என்றான் அவன், போலீஸ்காரரிடம் பேசுகிற மாதிரி. கையைத் தூக்கிக் கயிற்றைக் காட்டினான். பளிச்சென்று இருந்தது.

"எனக்கு மட்டும் ஏன்டா இப்படி வெளுத்துப்போச்சு? உன்னுது அப்படியே இருக்குதே" என்றேன்.

"நான் மஞ்சா தடவறன்க்கா" என்றான்.

6

ஜூன் கடைசியில் பரீட்சை. அதற்கு முந்தின நாள் மத்தியானம் தம்பியைக் கூப்பிட்டேன். லோடு இறக்கிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். மூக்கு நன்றாகப் பழகிவிட்டது, இருந்தாலும் ஒன்றிரண்டு நாக்கில்தான் தெரியும், அந்த மார்க்குப் போனால் போகட்டும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் குறுக்கிட்டான்.

"அக்கா, எனக்கோசரம் மார்க்க உடாத. நீ வாயில வெச்சுப் பாத்தே எழுது."

"ஏன்டா?"

"என்னுது நடுவுல ஒருக்கா அவுந்துருச்சு."

கார்த்திகை மாசம், கூட லோடு அடிக்கிறவன் தங்கச்சி கல்யாணம். எல்லோரும் கூப்பிட்டிருக்கிறார்கள். கயிறு கையில் இருக்கும்போது குடிக்க அவனுக்குப் பயம். முனியப்பன் சும்மா விடமாட்டார். அதனால் என்ன செய்திருக்கிறான் தெரியுமா? கயிற்றை மெதுவாக அவிழ்த்து, மடித்து, சட்டைப்பையில் பத்திரமாக வைத்துவிட்டுக் குடித்திருக்கிறான். திருப்பிக் கட்டிக்கொண்டால் சாமிக்குத் தெரியாது என்று நினைப்பு. எங்கள் ஊர்க்காரன் புத்தி இது ஒன்றுதான், சாமியைக் கும்பிடவும் வேண்டும், ஏமாற்றவும் வேண்டும்.

"காலையில எழுந்து பாத்தா பையில கயிறு இல்லக்கா. எங்கியோ வுழுந்துருச்சு. வூட்டுல தேடுனன், வண்டியில தேடுனன், பந்தல்லகூடப் போயித் தேடுனன். அப்பறம் நேரா பூசாரிகிட்ட போயி நின்னன். அவரு என்னய அடிக்கல. குளிச்சிட்டு வாடான்னாரு. வேற கட்டி உட்டாரு. அது மேல தொடலக்கா. சத்தியமா. இப்ப கையில இருக்கறது ரெண்டாவது கயிறு."

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. கார்த்திகையில் நான் பாதிக் குளிர்காலத்தை அலுவலகத்து நாற்காலிகளில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தேன். ஆடு கத்தும் குரலை மொழிபெயர்க்க அலைந்தேன். அப்போதே இவன் கயிற்றைத் தொலைத்துவிட்டுப் பந்தலில் தேடிக்கொண்டிருந்திருக்கிறான்.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ படிப்ப உட்டுட்டு ஓடியாந்துருவ."

வந்திருப்பேன். அது அவனுக்குத் தெரிந்திருந்தது. போனை வைத்துவிட்டேன். அன்று இனியா டையை எடுத்துக்கொண்டு வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டாள், சொன்னேன். பெருமூச்சு விடுவாள் என்று பார்த்தேன். "அவரா போய் மறுபடி கட்டிக்கிட்டாரா? யாரும் சொல்லாமலா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, டையை நாற்காலியில் மாட்டிவிட்டுப் போனாள்.

7

பரீட்சை அறை சுத்தமாக, வெள்ளையாக, எந்த வாசனையும் இல்லாமல் இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு தடுப்பு, அதற்குள் கண்ணாடி மூடி போட்ட கோப்பைகள், குடிக்கத் தண்ணீர், துப்ப ஒரு வாளி. பக்கத்துத் தடுப்புகளில் உறிஞ்சுவதும் துப்புவதும் கேட்டுக்கொண்டிருந்தன.

முதல் கோப்பை எரித்த தீக்குச்சி. இனியாவின் குரல் காதில் கேட்டது. அடுத்தது ஈரத் துணி. அதற்கடுத்தது வினிகர். நாலாவது கோப்பையின் மூடியை எடுத்ததும் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், கண்காணிப்பாளர் நிமிர்ந்து பார்த்தார். கிழங்குப் பால் புளித்த குட்டை. எங்கள் ஓடை. எருமை முகம் சுளித்துத் திரும்பிப்போன அதே கிணறு. அதற்கு இவர்கள் வைத்திருக்கும் ரசாயனப் பெயரை எழுதினேன். அந்த வாடையைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த அறையில் யாரும் இருந்திருக்க முடியாது.

கடைசிக் கோப்பையில் மாட்டிக்கொண்டேன். முகர்ந்தால் ஒன்றுமே இல்லை. சுத்தமான சரக்கு மாதிரி இருந்தது. உண்மையிலேயே குறையில்லாததாக இருக்கலாம். இல்லாவிட்டால் நாக்கில் மட்டும் தெரியும் இரும்புச் சுவையாக இருக்கலாம். ஒரு சொட்டு நாக்கில் பட்டால் தெரிந்துவிடும். கோப்பை கையில் இருந்தது. அவனே வை என்று சொல்லிவிட்டான். அவன் கயிறு எப்போதோ அறுந்துவிட்டது. யாருக்காக நான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்? நேற்றைய கோபம் இன்னும் ஆறவில்லை. கோப்பையை உதடுவரைக்கும் கொண்டுபோனேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

அப்போது இனியா கேட்டது நினைவுக்கு வந்தது. யாரும் சொல்லாமலா? யாரும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது. குடித்த தலைவலியோடு, தலைகுனிந்து, தனியாகக் கோயிலுக்கு நடந்திருக்கிறான். எனக்கு மட்டும் கட்டினால் அவிழ்த்துவிடுவேன் என்று சொன்னவன், தனக்கு மட்டும் ஒன்று கட்டிக்கொண்டு கார்த்திகையிலிருந்து ஆனிவரைக்கும் அதைக் காப்பாற்றியிருக்கிறான். நான் இன்றைக்கு வாயில் வைத்தால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அவன் கட்டிய அந்த இரண்டாவது கயிற்றுக்குத் துணையாக எதிர்ப்பக்கம் யாருமே இருக்க மாட்டார்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

கோப்பையைக் கீழே வைத்து மூடியைப் போட்டேன். 'குறை ஏதும் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். கோபம் போய்விட்டிருந்தது. பஸ்ஸில் நன்றாகத் தூங்கி, என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

8

போன் வந்துவிட்டது. திரை முழுக்க ஒரு கூட்டம். பொங்கல் பானைகள், புகை, முனியப்பனின் அரிவாள். அம்மா புதுச் சேலையில் இருக்கிறார். "கண்ணு, சாப்பிட்டியா?" என்கிறார். இங்கே இன்னும் காலைச் சாப்பாட்டு நேரமே ஆகவில்லை. சத்தம் கேட்டு இனியா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து என் பின்னால் நிற்கிறாள், வீட்டுச் சட்டத்தை அவளே மீறிக்கொண்டு. அவளுக்கு முடிவு தெரியும். மாமாவிடம் சொல்லக் கூடாது என்று ஒரு வாரமாக அவளையும் கட்டிப்போட்டிருந்தேன்.

தம்பி மெலிந்திருக்கிறான். கண் தெளிந்திருக்கிறது. பூசாரி கத்தியோடு அவன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நானும் கத்தரிக்கோலை எடுத்துக்கொள்கிறேன்.

"இருங்க பூசாரி" என்கிறான் அவன். "அக்கா, ரிசல்ட்டு வந்துச்சா?"

"வந்துச்சு."

"நீ வாயில வெச்சயா?"

"இல்லடா. மூக்குதான்."

பூசாரியும் அம்மாவும் திரையை எட்டிப் பார்க்கிறார்கள். அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பித் துடைத்துக்கொண்டு திரும்புகிறான்.

"ஃபெயிலா போச்சா?"

"பாஸ்டா. ஒண்ணே ஒண்ணு தப்பு. கடைசியா ஒண்ணு, அது நாக்குல வெச்சாத்தான் தெரியும். மத்ததெல்லாம் சரி."

"ஒண்ணுதான் தப்பா?"

"ஒண்ணுதான்."

பூசாரியிடமிருந்து கையை விடுவித்து, சாமியைப் பார்த்து ஒரு கும்பிடு போடுகிறான். பிறகு கையை மறுபடி அவரிடம் நீட்டுகிறான்.

"அறுத்துட்டு அடுத்த வருஷத்துக்குக் கட்டுங்க பூசாரி. எனக்கு மட்டும் கட்டுனாப் போதும்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். "அப்ப நானும் பாஸ்தான்க்கா. எனக்கும் ஒண்ணுதான் தப்பு."